பைக் வாங்குறது ஊருக்கா, உங்க இடுப்புக்கா?

புனே வந்து எட்டு வருஷமாச்சு. ஆபீஸ்ல எவனாவது பைக் வாங்கப் போறேன்னு வாயைத் திறந்தா போதும், பத்து பேரு பஞ்சாயத்துக்கு வந்துடுவாங்க. "மச்சி, 350க்குக் கீழ தொடாத." "100 சிசியா? அது பால்காரர் வண்டில்ல?" அந்தப் பஞ்சாயத்தைக் கேட்டு ஏமாந்தவன்ங்கிற முறையில கொஞ்சம் திட்டிக்கிறேன்.

என் உயரம் 5 அடி 4 அங்குலம். தினமும் வாகட்டிலிருந்து ஹிஞ்சவடி. அதுல பாதி நேரம் ஓட்டுறதே இல்ல, காலை ஊன்றி நிக்கிறதுதான். இந்த லட்சணத்துல நான் வாங்கினது 190 கிலோவுக்கு மேல இருந்த ஒரு வண்டி. ஊர்லேர்ந்து வந்த அம்மா பாத்துட்டு, "ஏல, இதுல ஏற ஏணி வேணும்லா?"ன்னாங்க. சிரிச்சேன். அடுத்த மழையில ஒரு சிக்னல்ல ஜல்லி மேல கால் வழுக்கி, வண்டி சாஞ்சு, பின்னால இருந்த தங்கமணி கணுக்கால் மேல விழுந்துச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வண்டி மேல தப்பே இல்ல. நாலு பேரு மெச்சணும்னு என் காலுக்குப் பொருந்தாததை வாங்கின என் மேலதான்.

கணக்கைப் பாருங்க. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. கிளாசிக் 350, 195 கிலோ. 83 கிலோ வித்தியாசம். ஒவ்வொரு பார்க்கிங்லயும் கூடுதலா ஒரு ஆளையே சேர்த்துத் தள்ளுறீங்க!

உடம்பு சௌகரியத்துக்கு சிசி முக்கியமில்ல. ஹேண்டில்பார், சீட், ஃபுட்ரெஸ்ட் மூணும் எங்கெங்க இருக்குங்கிறதுதான் முக்கியம். ஆர்15 மாதிரி வண்டில ஹேண்டில் தாழ்வு, உடம்பு பாரம் மணிக்கட்டுல. வேகமா போனா எதிர்க்காத்து நெஞ்சைத் தாங்கும். வாகட் டிராஃபிக்ல ஏதுங்க காத்து? க்ரூஸர்ல சீட் தாழ்வு, அவெஞ்சர்ல 737 மில்லிமீட்டர்தான். குள்ளமானவங்களுக்கு நல்லது. ஆனா கால் முன்னால நீண்டிருக்கும், குழி வந்தா எந்திரிச்சு நிக்க முடியாது, அடி நேரா வாலெலும்புக்கு. அட்வெஞ்சர் வண்டி குழியை முழுங்கும், ஆனா சீட் உயரம். ஹிமாலயன் 450ல 825 மில்லிமீட்டர். எனக்கு நுனிவிரல்தான் எட்டும்.

"ஹைவேக்கு பெரிய வண்டி வேணும்ல?"ன்னு கேப்பாங்க. எந்த ஹைவே சாமி? 2002ல திறந்த மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேல டூவீலருக்கு அனுமதியே கிடையாது. கண்டாலா வழியா பழைய ரோடுதான். லடாக்கா? வருஷத்துல பத்து நாள். மணாலிலயும் லேயிலயும் வாடகைக்குக் கிடைக்குது. மிச்சம் 355 நாளுக்கு ஏன் மலையை வீட்டுல கட்டி வைக்கிறீங்க?

இன்னொரு அநியாயம். ஸ்டைலுக்காக சேலை கார்டைக் கழட்டுற கூட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123 என்ன சொல்லுது? பின்னால இருக்கறவங்களுக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்துல பாதியையாவது மூடுற தடுப்பு எல்லாம் இருக்கணும். துப்பட்டா சக்கரத்துல சுத்தாம இருக்கத்தான் அது. உங்க ஸ்டைலுக்கு வீட்டுக்காரம்மா கழுத்தைப் பணயம் வைக்காதீங்க.

ஆறடி ஆளு, வாராவாரம் மஹாபலேஷ்வர் போறீங்களா? தாராளமா பெருசா வாங்குங்க, நான் குறுக்க வரல. மத்தவங்க ஆபீஸ் ஷூவோட போய் உக்காருங்க. ரெண்டு காலும் ஊனுதா? ஷோரூம் வாசல்ல நீங்களே பின்னால தள்ளிப் பாருங்க. அஞ்சு நிமிஷம் எல்லா வண்டியும் சொகம்தான், அரை மணி நேரம் கேளுங்க. முக்கியமா, பின்னால உக்காரப் போறவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

நான் இப்ப ஓட்டுறது 125 சிசி. ஆபீஸ்ல பால்காரர்னுதான் கூப்பிடுறாங்க. தங்கமணி நிம்மதியா பின்னால உக்காருறா. எனக்கு அது போதும் :-)