பதினெட்டுக்கு அப்புறம்...

பதினெட்டு வயசானால் நமக்கெல்லாம் என்ன கிடைக்கும்? ஓட்டு. டிரைவிங் லைசென்ஸ். வீட்டில் 'இன்னும் தண்டச்சோறுதானா?' என்கிற அர்ச்சனை. என் நண்பரின் தம்பிக்குக் கிடைத்தது, ஸ்பெஷல் ஸ்கூலிலிருந்து டி.சி.!

தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயசிலிருந்து 18 வரை இலவசப் படிப்பு என்கிறது. பத்தொன்பதாவது வயசில்? டி.வி., ஜன்னல், மறுபடி டி.வி. ஆறு வருஷம்! பார்த்துக்கொள்ள அம்மா வேலையை விட்டார். "அவனுக்கு லீவே லீவு தம்பி. எனக்குத்தான் லீவே இல்லாமப் போச்சு" என்பார்.

இப்போது ஒரு பகல் நேர மையம் கிடைத்திருக்கிறது. இந்த மாதிரி மையங்களுக்காக நேஷனல் டிரஸ்ட் 2015-ல் 'விகாஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தினம் ஆறு மணி நேரமாவது நடக்கணும் என்பது அதில் கணக்கு. அந்த ஆறு மணி நேரத்தில்தான் அம்மா மறுபடி வேலைக்குப் போகிறார்.

போன வாரம் நண்பருடன் நானும் போனேன். தம்பி பேப்பர் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். "என்னடா கண்ணா, சூப்பரா ஒட்டறியே!" என்றேன்.

டீச்சரம்மா பக்கத்தில் வந்து, "சார், அவருக்கு இருபத்தாறு வயசு. 'வாங்க, போங்க'ன்னே பேசுங்க" என்றார், தணிந்த குரலில். எனக்குக் காது சிவந்துவிட்டது.

பரிகாரமாக, கவர் எண்ணிக் கட்டுப் போட உட்கார்ந்தேன். பத்துப் பத்தாக. நான் பி.காம். ஆச்சே! அரட்டை அடித்துக்கொண்டே ஒரு கட்டை நீட்டினேன். தம்பி வாங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றினார். எதிரே ஒரு மரப்பலகை. அதில் பத்துக் கட்டம். கட்டத்துக்கு ஒரு கவராக வைத்தார். பலகை நிறைந்தால் பத்து. எண்ணவே தெரிய வேண்டாம். நிறையவில்லை. காலிக் கட்டத்தை விரலால் தட்டி என்னைப் பார்த்தார். ஒன்பதுதான்!

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாராம். லீவு என்று சொன்னால் கோபம் வருமாம். உங்கள் ஆபீஸில் இப்படி ஒரு ஆள் உண்டா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

புறப்படும்போது ரொம்ப மரியாதையாக, "வரேங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"சரிடா."