தடிக்குத் தீபாராதனையா?

“கண் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள் சார். மற்றபடி தோலை உரித்தாலும் நான் ஏனென்று கேட்கமாட்டேன்!”

தேவாரத்தில் ஆசிரியனாய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு தந்தை என்னிடம் சொன்ன சொல் இது. விடியுமுன் ஜீப்பில் ஏறி, ஏலத்தோட்டத்தில் பகலெல்லாம் குனிந்து, அந்தியில் திரும்பும் உழைப்பாளி அவர். மகன்மீது அவருக்குப் பகையா? இல்லை, அளவற்ற பாசம்! பிரம்பில் அறிவு குடியிருக்கிறது என்று அவருக்கு அவர் தந்தை கற்பித்தார். அதையே அவர் தம் மகனுக்குக் கற்பிக்கிறார். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தன் 17-ஆம் பிரிவால் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்துவிட்டது என்று சொன்னேன். அவர் சிரித்தார். “அடியாத மாடு படியுமா சார்?” என்றார்.

தோழர்களே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பள்ளியில் பிரம்பைப் போற்றும் நாடு, காவல் நிலையத்தில் தடியைப் போற்றாமல் வேறென்ன செய்யும்? கையில் மாவுக்கட்டுடன் ஒருவனைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். “தப்பி ஓடினான், விழுந்தான், கை முறிந்தது” என்கிறார்கள். இன்னொருவன் கழிப்பறையில் வழுக்கி விழுந்தானாம்! காவலர் வழுக்கி விழாத கழிப்பறையில் கைதி மட்டும் வழுக்கி விழும் விந்தையை எவரும் நம்புவதில்லை. நம்பாமலே கை தட்டுகிறார்கள். பொய்யென்று தெரிந்தே பூரிக்கிறார்கள். கல்லைக் கடவுள் என்பவனாவது தன் சொல்லைத் தானே நம்புகிறான். இவர்கள் நம்பாத பொய்யை வணங்குகிறார்கள்! இதைவிடக் கீழான மூடநம்பிக்கை உண்டா?

கொதிக்கும் நெய்யில் கைவிடச் சொல்லி, வெந்தால் கள்வன், வேகாவிட்டால் நல்லவன் என்று தீர்ப்பளித்த காலம் ஒன்றுண்டு. அதைப் படித்து நாம் நகைக்கிறோம். ஆனால் அடித்தால் உண்மை வரும் என்பது எந்த அறிவியல்? வலி உண்மையைக் கக்க வைக்காது. அடிப்பவன் விரும்புவதையே கக்க வைக்கும். நெய்க்குப் பதில் தடி வந்திருக்கிறது. பழைய குருட்டுத்தனம் புதிய சட்டை போட்டு நிற்கிறது, அதுவே வேற்றுமை.

இது நேற்று முளைத்த நோயன்று. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க வெள்ளை அரசே ஒரு குழுவை அமைத்தது. 1855-இல் அறிக்கை வந்தது. நிலவரி பறிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடிமக்களை வதைத்த முறைகளை அது அடுக்கியது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நசுக்கும் ‘கிட்டி’, தலையைக் குனியவைத்துக் காலோடு பிணைக்கும் ‘அண்ணாந்தாள்’ — இந்தத் தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையில் அச்சேறின. மொழிக்கு எத்தகைய பெருமை, பார்த்தீர்களா!

பிறகு 1861-இல் போலீஸ் சட்டம் பிறந்தது. 1872-இல் சாட்சியச் சட்டம் வந்தது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை மெய்ப்பிக்கச் செல்லாது என்றது அதன் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக அதுவே நிற்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் நம்ப மறுக்கும் அந்த வாக்குமூலத்தை, நம் தெருமுனைத் திண்ணை மட்டும் வேதவாக்காய் நம்புகிறது!

நம் மேற்குமலைச் சாரலில் பிறந்தவர்க்கு இந்தக் கதையைச் சொல்லித்தர வெளியார் வேண்டியதில்லை. ‘ரேகைச் சட்டம்’ என்றால் மதுரைச் சீமையின் கிழவிகளுக்கும் தெரியும். ஒருவன் திருடினானா என்று கேட்கவில்லை அந்தக் குற்றப்பரம்பரைச் சட்டம். எந்தச் சாதியில் பிறந்தாய் என்று கேட்டது. பிறப்பைக் கண்டு கைரேகை பதித்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டனர். அந்த மக்களுக்காக வாதாட வந்தவர் ஜார்ஜ் ஜோசப்; கேரளத்தில் பிறந்த அந்த வழக்குரைஞரை ‘ரோசாப்பூ துரை’ என்று நெஞ்சில் வைத்தது நாட்டுப்புறம். 1947-இல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தைத் தொலைத்தது.

பிறப்பால் உயர்வு தாழ்வு கூறும் மனுவின் நீதியைத் தீயிலிட்ட இயக்கம் நம்முடையது. பிறப்பைப் பார்த்துக் குற்றவாளியைத் தேடும் கண் மட்டும் நமக்கு உறுத்தவில்லையென்றால், நாம் எரித்தது ஏட்டை மட்டுமே! ஏலக்காய் ஸ்டோரில் ஒரு மூட்டை குறைந்தால் முதலில் நிறுத்தப்படுபவன் யார்? கணக்கெழுதுபவனா? காரில் வருபவனா? கூடை சுமக்கும் கூலி! தடிக்குக் கண்ணில்லை என்கிறார்கள். உண்டு தோழர்களே, உண்டு! குடிசைக்கும் மாளிகைக்கும் வேறுபாடு அதற்கு நன்றாய்த் தெரியும்.

சாத்தான்குளத்தை மறந்தோமா? 2020 ஜூன் 19-இல் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் செல்பேசிக் கடைக்காரர் ஜெயராஜ் கொண்டுசெல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற மகன் பென்னிக்சும் சிக்கினார். 22-ஆம் நாள் இரவு மகன் இறந்தார். 23-ஆம் நாள் காலை தந்தை இறந்தார். காவல் நிலையத்துக் கண்காணிப்புக் காட்சிகள் அன்றன்றே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் எழுதினார். அந்த நிலையத்தையே வருவாய்த்துறையின் கையில் ஒப்படைக்க உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது. பத்துக் காவலர் கைதாயினர்.

நாடு கொதித்தது. ‘இனி நடவாது’ என்றோம். ஐந்தே ஆண்டு! 2025 ஜூனில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாருக்காகக் கோவில் காவலாளி அஜித்குமார் அடித்தே கொல்லப்பட்டார். உடற்கூறாய்வு கண்ட காயங்கள் 44. அடித்தவர் சீருடைகூட அணியாத தனிப்படையினர். கோவிலுக்குக் காவல் நின்றவனைக் காவல்துறையிடமிருந்து காக்க ஆளில்லை! சாத்தான்குளம் ஓர் ஆட்சியில். திருப்புவனம் மற்றோர் ஆட்சியில். அன்றைய முதலமைச்சர் அந்தக் குடும்பத்திடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். வழக்கு மத்தியப் புலனாய்வுக்குப் போயிற்று. மன்னிப்பு மனிதப் பண்பு, மறுக்கவில்லை. ஆனால் ஆட்சி மாறியும் தடி மாறவில்லையே, ஏன்?

நம்மில் சிலர், “நம்மவர் ஆட்சியில் இதைப் பேசலாமா?” என்று முணுமுணுக்கிறார்கள். வரலாற்றைத் திருப்பிப் பாருங்கள். 1976-இல், நெருக்கடி நிலையின்போது, சென்னை மத்தியச் சிறையில் அடி வாங்கியவர் யார்? நம் கழகத் தோழர்கள் அல்லவா? அங்கே பட்ட அடியால் நலிந்து சிட்டிபாபு 1977 தொடக்கத்தில் மறைந்தாரே! அந்தக் கொடுமையை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் குழு அமைந்ததே! முதுகில் தழும்பு உள்ளவன் தடிக்கு வக்காலத்து வாங்கலாமா? நம் முதுகில் விழுந்தால் அடக்குமுறை, பிறர் முதுகில் விழுந்தால் சட்டம் ஒழுங்கா?

“கொலைகாரனுக்கும் காமுகனுக்கும் மனித உரிமையா?” என்று கேட்பார்கள். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, ஒரு மருத்துவப் பெண்ணைச் சிதைத்துக் கொன்றதாகக் கைதான நால்வரைக் காவலர் சுட்டனர். மக்கள் பூத்தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் என்ன கண்டது? கொல்லும் நோக்குடனேயே சுட்டார்கள், மோதல் என்ற கதை நம்பத்தக்கதன்று என்று கண்டது. அந்த நால்வர் குற்றவாளிகளா? இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கும் நீதி கிடைக்காமல் செய்துவிட்டது அந்தத் துப்பாக்கி. விசாரணையின்றிக் கொல்லும் உரிமையைத் தீயவனுக்கு எதிராகத் தருகிறோம் என்று நினைக்கிறோம். யார் தீயவன் என்று முடிவுசெய்யும் உரிமையையும் சேர்த்தே தருகிறோம்!

வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூனில், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்தவர்கள் 18 பழங்குடிப் பெண்களைச் சீரழித்தார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆயின. அதற்குள் 54 பேர் இறந்தே போயினர். அந்த மலைமக்கள் ‘திருடர்கள்’ என்றே நாட்டுக்கு அறிமுகப்படுத்தப்பட்டவர்கள்.

காவலர் அனைவரும் கயவர் என்று நான் கூறவில்லை. சாத்தான்குளத்தின் உண்மையை அச்சத்தை மென்று விழுங்கிச் சொன்னவர் ரேவதி என்ற தலைமைக் காவலர். அவரும் அதே சீருடைதான். உறக்கமும் ஓய்வும் இன்றி நிற்கும் கடைநிலைக் காவலனும் நம் வீட்டுப் பிள்ளையே. ஆகவே ஆளைத் திட்டிப் பயனில்லை. அமைப்பைத் திருத்த வேண்டும்.

எப்படி? 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வழி சொன்னது: காவலர்மீது வரும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம், மாநிலத்தில் அதன் தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி. 2013-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் என்ன செய்தது? மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கிக் காவல்துறைத் தலைவரை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் அமர்த்தியது. துறைமீது புகார் சொல்ல, துறையின் வாசலுக்கே போ என்பதா நீதி? நீதிபதியின் தலைமையில், காவல்துறைக்குக் கட்டுப்படாத ஆணையம் வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்டதோடு நின்ற இந்தியா, அதை ஏற்றுச் சட்டமாக்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று கைகட்டி நில்லாதீர், இளைஞர்களே! மனு கொடுத்தால் ரசீது கேட்க உரிமை உண்டு. முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாய்ப் பெறப் புகார் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. கைதானவரை, பயண நேரம் நீக்கி, 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆம் பிரிவு. இவற்றைப் படிப்பகங்களில் சொல்லுங்கள். ஏலத்தோட்ட ஜீப் நிற்கும் இடத்தில் சொல்லுங்கள். அடுத்த முறை மாவுக்கட்டுப் படம் உங்கள் கைக்கு வரும்போது சிரிக்காதீர், பகிராதீர், ‘எப்படி முறிந்தது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்தத் தந்தையின் மகன் இன்று என் வகுப்பில்தான் இருக்கிறான். பிரம்பில்லாமலே படிக்கிறான். எட்டாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் தவறு செய்தால் மறைக்காமல் எழுந்து சொல்கிறான். அடிக்கு அஞ்சிய காலத்தில் அவன் உண்மை சொன்னதில்லை.

பள்ளியில் பிரம்பைக் கீழே வைத்தோம். வானம் இடிந்து விழவில்லை. காவல் நிலையத்திலும் வைப்போம்!