கால்பங்குக்கு மேல் ஒரு மரக்கால்கூட அளக்க மாட்டோம்!

குத்தகை விவசாயிகளே! உழைக்கும் பெருங்குடி மக்களே!

சம்பா அறுத்த களம் காயறதுக்குள்ளே நிலக்காரர் வீட்டு ஆள் வந்து நிற்கிறார். "மாவுக்கு மூணு மூட்டை இனிமே கட்டாது. அஞ்சு மூட்டை அளக்கணும். முடியலேன்னா நிலத்தை விட்டுடு, கேக்க நாலு பேர் இருக்கான்" என்கிறார். டெல்டா கிராமங்களில் நாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன மிரட்டல் இது. இந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது!

1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் என்ன சொல்கிறது? தொடக்கத்தில் நஞ்சைக்கு 40 சதம் என்று இருந்தது, பிறகு திருத்தப்பட்டு, சராசரி மகசூலில் 25 சதம்தான் நிலக்காரருக்கு என்றானது. அதற்கு மேல் கேட்டு எழுதி வாங்கினாலும் அந்த எழுத்து செல்லாது.

கணக்குப் பாருங்கள். மாவுக்கு 12 மூட்டை கண்டால் கால்பங்கு 3 மூட்டை. மிச்சம் 9-ல்தான் உழவு, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை மிஷின் வாடகை எல்லாம். அஞ்சு அளந்தால் நமக்கு 7. அதில் கடன்காரனுக்குக் கொடுத்தது போக, வீட்டு உலைக்கு என்ன மிஞ்சும்?

"நெல்லு விலை ஏறிடுச்சே, அதான் ஏத்துறோம்" என்கிறார்கள். பங்கு நெல்லாகத்தானே போகிறது? விலை ஏறினால் அந்த 3 மூட்டையின் பணமும் தானே ஏறுகிறது! உர விலை, கூலி ஏறும்போது மட்டும் நிலக்காரர் பங்கு போட்டுக்கொள்ள வருகிறாரா?

"வெளியேத்திடுவேன்" என்றால் பயப்பட வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, உடலுழைப்புப் போட்டுச் சாகுபடி செய்பவரை வருவாய் நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரும் இறக்க முடியாது. வாய்ப்பேச்சுக் குத்தகைக்கும் இது பொருந்தும். 1952-ல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தொடங்கி, எதுவும் சும்மா கிடைத்ததல்ல. நம் பாட்டன், பாட்டிமார் அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய் வாங்கித் தந்தது.

ஆனால் ஒன்று! ஏத்திக் கேட்கிறாரே என்ற கோபத்தில் கொடுக்க வேண்டியதையும் நிறுத்திவிடாதீர்கள். குத்தகைப் பாக்கிதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். வாங்க மறுத்தாலோ, ரசீது தர மறுத்தாலோ, நெல்லின் சந்தை விலையை நிலக்காரர் கணக்கில் வருவாய் நீதிமன்றத்தில் கட்டுங்கள். கட்டிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நம்மை மிரட்ட முடிவதற்குக் காரணமே நம் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாததுதான். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அடங்கலில் நிலக்காரர் பெயர்தான் ஏறுகிறது. விளைவு? பயிர்க்கடன் இல்லை, வெள்ள நிவாரணம் இல்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் போடக்கூட அவர் தயவு வேண்டும். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த வருஷம் 6,000 ரூபாய் உதவியும் பட்டாக்காரருக்குத்தான். சேற்றில் இறங்குபவர் ஒருவர், பணம் வாங்குபவர் வேறொருவரா?

நாம் கேட்பது:

1. கிராமம்தோறும் முகாம் போட்டு குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்!
2. உண்மையில் சாகுபடி செய்பவர் பெயரை அடங்கலில் ஏற்று!
3. நிவாரணத்தையும் உதவித்தொகையையும் உழுபவருக்கே கொடு!

தனித்தனியாகப் போனால் "கேக்க நாலு பேர் இருக்கான்" என்பார்கள். அந்த நாலு பேரும் நம்மாளுங்கதானே? ஏத்திய குத்தகைக்கு யாரும் தலையாட்டாதீர்கள். அடுத்தவர் நிலத்துக்குப் போட்டி போகாதீர்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். மிரட்டல் வந்த அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள்!

கால்பங்கு அளப்போம்! ரசீது கேட்போம்!
நிலத்தை விட மாட்டோம்!