பழசு மாதிரி ஒரு புதுசு... பரணில் நிஜமாகவே ஒரு பழசு!

ராத்திரி 11 மணிக்கு மேல் ரீல்ஸ் பார்ப்பது பர்ஸுக்கு ஆபத்து. போன மாதம் அப்படித்தான் ஒரு கிடாரிடம் மாட்டிக்கொண்டேன். தேன் நிறப் பலகை, ஒலித் துளைக்குள் சிவப்பு லேபிள். பார்த்தால் அறுபதுகளில் பிறந்தது போல இருக்கும். ஆனால் புதுசு! பெயர், யமஹா எஃப்.ஜி. ரெட் லேபிள்.

இதன் தாத்தா எஃப்.ஜி.180. ஜப்பானில் ஃபோக் பாடல் மோகம் பரவிய நேரத்தில், 1966-ல் வந்தது. ஃபோக் கிடார் என்பதன் சுருக்கம்தான் எஃப்.ஜி. 1969-ல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைத் திருவிழாவில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக மேடையேறியபோது, அவர் கையில் இருந்தது இதன் தம்பி எஃப்.ஜி.150.

அந்தச் சிவப்பு லேபிளை 2019-ல் யமஹா மறுபடி கொண்டுவந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழசு, பிளைவுட்டில் செய்த மலிவு விலைக் கிடார். புதுசிலோ ஸ்புரூஸ், மஹோகனி என எல்லாம் முழு மரம். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் கட்டுப்படுத்தி முகப்புப் பலகையைப் பதப்படுத்துகிறார்கள். பல வருஷம் வாசித்துப் பழகிய கிடாரின் சத்தம் முதல் நாளே வர வேண்டும் என்பதுதான் நோக்கம். விலை, என் ஒரு மாதச் சம்பளத்தில் அடங்காது.

திருமங்கலத்தில் இருக்கும் சித்தப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன்.

"ஏம்மா, பழசு மாதிரி இருக்கணும்னா புதுசு வாங்கப் போற? நம்ம பரண்ல நெசமாவே பழசு ஒண்ணு கெடக்கே."

சித்தப்பா ஒரு காலத்தில் ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தவர். உசிலம்பட்டி, மேலூர் என்று திருவிழா தவறாமல் கச்சேரி. பிறகு கீபோர்டு வந்தது. நாலு பேர் வேலையை அந்த ஒரு பெட்டியே பார்த்தது. குழுவிலிருந்து முதலில் கழன்றது கிடார். அதற்கப்புறம் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இறக்கினோம். கொல்கத்தா தயாரிப்பு. கம்பிகள் துருப்பிடித்து, கம்பிகளைக் கீழே பிடித்திருக்கும் பிரிட்ஜ் ஒரு பக்கம் பெயர்ந்து நின்றது. மதுரையில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "கம்பியத் தளர்த்தாமலே மேல போட்டுட்டீங்களா?" என்றார் முதல் பார்வையிலேயே.

விஷயம் இதுதான். ஸ்ருதி சேர்த்த ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு சுமார் 70 கிலோ. ஓர் ஆள் எடை! அதைத் தாங்குவது மெல்லிய பலகையும் கொஞ்சம் பசையும்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் நம்ம ஊர் சித்திரை வெயில் இறங்கினால் பசை இளகிவிடும். வறண்ட காற்றில் முழு மரம் சுருங்கி வெடிக்கவும் செய்யும். சித்தப்பாவின் கிடார் பிளைவுட் என்பதால் பலகை பிழைத்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு கிடார் தூங்குகிறதா? முதலில் கம்பிகளைத் தளர்த்துங்கள். பரணிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காமல், உள்ளறைப் பீரோவில் வையுங்கள். புதுசு வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். ரெட் லேபிள் போன்ற முழு மரக் கிடார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏற்கெனவே நன்றாக வாசிப்பவர்களுக்கு அது நல்ல ஆசை. கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவருக்கு அவ்வளவு பணம் தேவையில்லை.

இரண்டு வாரத்தில் பிரிட்ஜ் ஒட்டி, புதுக் கம்பி மாட்டிக் கிடார் திரும்பியது. சித்தப்பா மடியில் வைத்து ஸ்ருதி சேர்த்தார். ஒரு பாட்டின் பாதி வரை போனவர், நிறுத்திவிட்டு விரல் நுனியைப் பார்த்தார். சிவந்திருந்தது.

"காய்ப்பெல்லாம் போயிருச்சும்மா. மறுபடி ஏற ஒரு மாசமாவது ஆகும்."

"அப்போ நான் எடுத்துட்டுப் போகட்டுமா சித்தப்பா?" என்றேன்.

"வேணாம், இங்கிட்டே இருக்கட்டும். நீ ஞாயித்துக்கெழம வா, சொல்லித் தாரேன்."

இப்போது என்னிடம் ரெட் லேபிளும் இல்லை, பரண் கிடாரும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் திருமங்கலம் பஸ் ஏறுகிறேன். இடது கை விரல் நான்கும் எரிகின்றன. சித்தப்பாவுக்கும்தான்!