ரசீதோடு வாருங்கள், தோழர்களே!

கப்பலில் பிழைக்கும் காரைக்கால் தோழர்களே!

சைன் ஆஃப் ஆகி வீட்டுச் சோறு தின்று பத்து நாள் ஆகியிருக்காது. போன் வரும்: "ரிஃப்ரெஷர் முடித்தால்தான் அடுத்த கப்பல்." சென்னைக்குப் பஸ், லாட்ஜ் வாடகை, கோர்ஸ் கட்டணம் எல்லாம் சம்பளமில்லாத நாட்களில் நம் கைக்காசு. போன தடவை நான் கட்டியது, என் மனைவியின் வளையலை அடகு வைத்த பணம். அதை மீட்பதற்குள் அடுத்த கோர்ஸ் வந்துவிட்டது.

தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கை. நம் உயிரைக் காக்கும் விதி அது, வேண்டும்தான். பணம் யார் கட்டுவது? எக்டிஸ் எனும் மின்னணுக் கடல்வரைபடக் கருவியில் கம்பெனி எந்த மாடலை வாங்குகிறதோ, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கருவி முதலாளியின் சொத்து; கற்கும் செலவு ஆபீசர் தலையிலா? விமானிகளையும் இப்படித்தான் பிழிகிறார்கள். போயிங் ஓட்டியவர் ஏர்பஸ்ஸுக்கு மாற டைப் ரேட்டிங் வேண்டும். அந்தப் பல லட்சத்தை அவரிடமே கறக்கும் கம்பெனிகள் உண்டு. தாங்களே கட்டிவிட்டுப் பாண்டு எழுதி வாங்கி ஆளைக் கட்டிப்போடும் கம்பெனிகளும் உண்டு.

செலவைக் கேட்டால், "ஒப்பந்தம் முடிந்தது, நீ எங்கள் ஆள் இல்லை" என்கிறார்கள். கோர்ஸுக்குப் போ என்று உத்தரவு போட மட்டும் நாம் அவர்கள் ஆள்!

2015இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைப் படியுங்கள். வேலைக்கு எடுக்கக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அவர் கையிலிருந்து போகலாம் என்று விட்டுவைத்த செலவுகள் மூன்றுதான்: மருத்துவச் சான்று, சிடிசி எனும் கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட். கோர்ஸ் கட்டணம் அதில் எங்கே? கப்பல் பாதுகாப்புக்குத் தேவையான பயிற்சி ஆட்களுக்குக் கிடைக்கச் செய்வது கம்பெனியின் கடமை என்கிறது ஐஎஸ்எம் விதித்தொகுப்பு.

சட்டம் நம் பக்கம் இருந்தாலும், ஒன்றுசேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. காரைக்காலும் அன்று அதே கொடியின் கீழ்தான் இருந்தது.

வரும் ஞாயிறு மாலை 5 மணி, காரைக்கால் கடற்கரை கலங்கரை விளக்கத்தடி. திருமலைராயன்பட்டினம், நிரவி, கோட்டுச்சேரித் தோழர்களே, கடைசி ஐந்தாண்டு கோர்ஸ் ரசீதுகளை எடுத்து வாருங்கள். கடலில் இருப்பவர்களின் ரசீதை வீட்டுப் பெண்கள் கொண்டு வரட்டும். கணக்கெடுத்து, எல்லாரும் மனுவில் கையெழுத்திட்டு, மும்பைக் கப்பல்துறை இயக்குநரகத்துக்கு அனுப்புகிறோம். அதுவரை எவரும் கோர்ஸ் செலவுக்காகக் கம்பெனி நீட்டும் எந்தப் பாண்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.