ஆசிரியை மீண்டும் மாணவியானால்...



நம் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கு ஆசிரியர் பணி கிடைத்துவிட்டால், "படிப்பும் முடிந்தது, பணியும் அமைந்தது, இனி என்ன கவலை?" என்று பெரியவர்கள் மனநிறைவு கொள்வதுண்டு. பி.எட். பட்டம் பெற்ற அன்றோடு ஓர் ஆசிரியரின் படிப்பு முற்றுப்பெற்றுவிடுகிறதா? இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் கற்பித்து வருகிறவள் என்ற உரிமையில், இம்மாதம் இதைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேச விழைகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். வீட்டில் எழும் முதற்கேள்வி அதுதானே! பணியில் இருந்துகொண்டே உயர்பட்டம் பெறும் ஆசிரியர்களுக்குத் தமிழக அரசு ஊக்க ஊதிய உயர்வு வழங்கி வந்தது. 2020 மார்ச் மாதத்தில் அம்முறை நிறுத்தப்பட்டது. தம் சொந்தப் பணத்தில் கட்டணம் செலுத்திப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பேரிடியாகவே அமைந்தது. அவர்களுடைய மனக்குறை நியாயமானது என்பதே என் கருத்து. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஊதிய உயர்வு ஒன்றையே குறியாகக் கொண்டு பட்டங்களைச் சேர்த்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஆய்வேட்டை விலைக்கு எழுதிக் கொடுப்போரும் இருந்தார்கள். அவ்வாறு பெற்ற பட்டத்தால் வகுப்பறையில் எந்தக் குழந்தைக்கு என்ன பயன் விளைந்திருக்கும்?

"இனி எதற்காகப் படிக்க வேண்டும்?" என்ற கேள்வி ஆசிரியர் ஓய்வறையில் எழும்போதெல்லாம், எனக்கு ஒரு கழித்தல் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். 403இலிருந்து 178ஐக் கழித்து 375 என்று எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்று சொல்லி, சிவப்பு மையால் பெருக்கல் குறியிட்டுவிட்டு அடுத்த ஏட்டுக்குச் செல்வதுதான் பள்ளிகளில் பொதுவான வழக்கம். அப்போது நான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் கல்வியியல் முதுகலைப் பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவ்வாரம்தான் வாசித்திருந்தேன். கழித்தலில் குழந்தைகள் செய்யும் பிழைகளில் பல, மனம்போன போக்கில் நேர்பவை அல்ல. பிழையான ஒரு விதியை அவர்கள் மனத்திற்குள் வகுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்பது அவர்கள் கண்டறிந்தது.

அந்த மாணவியை அழைத்து, "எப்படிச் செய்தாய், சொல்" என்றேன். "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள், டீச்சர்" என்றாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று அவள் பார்க்கவில்லை. சற்று எண்ணிப் பாருங்கள்! அவள் கவனமற்றவள் அல்லள். சொன்ன சொல்லை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தவள். பத்துப் பத்துக் குச்சிகளாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்க்கச் செய்தேன். இரண்டு குச்சிகள் பன்னிரண்டு ஆயின. அவற்றிலிருந்து ஏழை எடுத்தாள். நான்கு நாட்களில் பிழை அகன்றது.

பட்டப்படிப்பில் நான் கற்ற கணிதம் இதற்கு உதவியிருக்காது. வகைநுண்கணிதம் அறிந்தவருக்கு மூன்றாம் வகுப்புக் குழந்தையின் மனம் புலப்பட வேண்டும் என்ற நியதி இல்லையே! பாடத்தை அறிவது ஓர் அறிவு. அப்பாடம் பிறருக்கு விளங்குமாறு உருமாற்றும் வகையை அறிவது வேறோர் அறிவு என்று லீ ஷூல்மன் என்ற கல்வியாளர் 1986இல் எழுதினார். பணியில் பல்லாண்டு பழகிய பின் இத்தகைய நூல்களைப் படிப்பதில் ஒரு தனிச்சுவை உண்டு. இருபத்திரண்டு வயதில் தேர்வுக்காக மனனம் செய்த பியாஜேயும் வைகாட்ஸ்கியும், நாற்பது வயதில் படிக்கும்போது நம் வகுப்பின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

"வீடு, பிள்ளைகள், பள்ளி, இவற்றுக்கிடையே நேரம் ஏது?" என்று சகோதரிகள் கேட்கலாம். நம் பெண்களுக்கு அஞ்சல்வழிக் கல்வி செய்த உதவியை இங்கே நினைவுகூர வேண்டும். 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கி வைத்த இம்முறை, 1971இல் மதுரைக்கும் 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கும் வந்தது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்குத் தபால்காரர் கொண்டுவந்த உறையே கல்லூரியாயிற்று.

என்னைப் பொறுத்தவரை, இஷாவுக்குப் பிறகு பிள்ளைகள் உறங்கியதும் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். தொடர்பு வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் பொறுப்பை என் மாமியார் ஏற்றுக்கொண்டார்கள். "பிள்ளைகளைப் பரீட்சைக்கு மிரட்டுகிறவள், நீயே பயப்படுகிறாயே!" என்று சிரிப்பார்கள். முடிவு வந்தபோது என் மகள் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கி, என் புருவத்தை நான் உயர்த்துவது போலவே உயர்த்திப் பார்த்தாள்! அந்த மாமியார் அன்று முகம் சுளித்திருந்தால் நான் படித்திருக்க இயலாது. ஆகவே இப்பக்கத்தை ஆசிரியைகள் மட்டுமன்றி, அவர்களுடைய கணவன்மார்களும் மாமியார்களும் படிக்க வேண்டுமென விரும்புகிறேன்.

இப்போது இது விருப்பத்தோடு நிற்கும் செய்தியாகவும் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த ஆசிரியர் தகுதித் தேர்வை, பழைய ஆசிரியர்களும் எழுத வேண்டுமென 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியது. ஐம்பது வயதில் தேர்வறைக்குள் நுழைவது எத்தகைய கலக்கம் என்பதை நான் அறிவேன். நெடுங்காலம் உழைத்தவர்களின் வேலையை ஒரு தேர்வோடு பிணைப்பது எனக்கு உவப்பானதும் அன்று. எனினும் அத்தேர்வின் 150 வினாக்களில் 30, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறைகளும் பற்றியவை. நாள்தோறும் வகுப்பறையில் கண்டவற்றையே அவை பெயர் சூட்டிக் கேட்கின்றன. அப்பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். அச்சம் பாதி குறையும்.

பட்டப்படிப்பில் சேர நினைப்போர் பள்ளி நிர்வாகத்திடமும் துறையிடமும் முன் அனுமதி பெற்ற பின்னரே கட்டணம் செலுத்துங்கள். தொலைநிலைப் படிப்பாயின், பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். எம்.ஃபில். பட்டம் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் சேர்த்துவிடுகிறோம் என்று எவரேனும் அழைத்தால் ஏமாற வேண்டாம்.

தகுதித் தேர்வின் கணிதப் பகுதியை எவ்வாறு அணுகுவது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.