கொழுந்துக்குத் தராசு, கழுத்துக்கு எது அளவு?

மலையகத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் சம்பளத்தையும் லயத்தையும் காணியுரிமையையும் பற்றிப் பேசுவர். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால், உழைக்கும் உடலின் எலும்பைப் பற்றி வாய் திறந்தால், “அது மருத்துவபீடத்தார் விடயம், கலைப்பீடத்தாருக்கு அங்கே என்ன வேலை?” எனக் கேட்கின்றனர். எவருடைய உடலை அளவுகோலாகக் கொள்வது என்பது சமூக வினாவும் ஆகும். ஆகவே நமக்கும் அங்கே வேலை உண்டு.

ஹற்றனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் கொழுந்துக் கூடையின் கயிறு தொழிலாளியின் தலையில் மாட்டப்படுகின்றது. கூடை முதுகில் தொங்க, பாரத்தின் இழுவையைக் கழுத்து தாங்குகின்றது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அல்லது அதற்கும் மேல் பறித்தாலே முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். கொழுந்தின் ஒவ்வொரு கிலோவும் நிறுக்கப்பட்டு ஏட்டில் ஏறுகின்றது. தலைச்சுமை கழுத்து முள்ளென்புகளின் தேய்வை மிகுவிப்பதாகக் கூறும் ஆய்வுகள் உள்ளன. செங்குத்தான சரிவில் வழுக்கி விழுவோருக்குக் கழுத்தே முறியவும் கூடும்.

முறிந்த கழுத்தை நிலைநிறுத்தச் சத்திரசிகிச்சையாளர் உலோகத் திருகாணிகளைச் செலுத்துகின்றனர். முள்ளென்பின் ஒடுங்கிய காம்பினூடாகத் திருகாணி செலுத்தும் முறையை ஜப்பானிய மருத்துவர் அபூமியும் அவர் குழுவினரும் 1994இல் வெளியிட்டனர். உறுதியான முறை, ஆனால் ஆபத்தும் உண்டு. காம்பின் வெளிப்புறத்தில் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடி, உட்புறத்தில் முண்ணாண். பெரிதும் கையாளப்படும் திருகாணியின் விட்டம் 3.5 மில்லிமீற்றர். காம்பின் அகலம் 5 மில்லிமீற்றராயின் இருமருங்கும் எஞ்சுவது முக்கால் மில்லிமீற்றர். 4 ஆயின் கால் மில்லிமீற்றர் மட்டுமே.

இவ்விடத்தில்தான் சீ.ரி. ஸ்கான் துணைக்கு வருகின்றது. 1971இல் ஹவுன்ஸ்பீல்ட் உருவாக்கிய கருவியால் முதல் நோயாளி படம்பிடிக்கப்பட்டார். 1979இல் அவருக்கும் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிகிச்சைக்கு முன் காம்பின் அகலத்தையும் சாய்வையும் அளக்கவும், பின்னர் திருகாணி எலும்புச் சுவரைத் தாண்டி எத்தனை மில்லிமீற்றர் விலகியுள்ளது எனக் காணவும் இப்படம் உதவுகின்றது. படத்தின் வெட்டுகள் தடித்தவையாயின் அளவும் பிழைக்கும்.

“எலும்பு எங்கும் எலும்புதானே, நூலிலுள்ள சராசரி போதாதா?” என்பர் சிலர். போதாது. பெண்களின் காம்பு சராசரியில் ஆண்களுடையதிலும் ஒடுங்கியது. ஆசிய மக்களின் அளவுகள் மேனாட்டாருடையவற்றிலும் சிறியவை எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நமது நாட்டின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். இவ்வாறு வளர்ச்சி குன்றிய சமுதாயத்தின் எலும்பளவை வேறொருவரின் சராசரியைக் கொண்டு ஊகிக்கலாமா? ஆற்றின் சராசரி ஆழத்தைக் கணக்கிட்டுக் குடும்பத்தை நீரில் இறக்கிய கணக்கப்பிள்ளையின் கதை நாம் அறிந்ததே.

இன்னுஞ் சிலர், “நல்ல குடிநீரே அரிதான லயத்துக்கு மில்லிமீற்றர்க் கணக்கு ஆடம்பரம்” என்பர். இதைவிடக் கொடிய வாதம் வேறில்லை. இன்னொரு குறை இருப்பதைக் காட்டி இந்தக் குறையை நியாயப்படுத்துவது வறியவனுக்கு எதுவுமே வேண்டாம் என்பதாகவே முடியும். 2017இல் டிக்கோயாவில் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. அது நன்று. எனினும், கட்டடத்தோடு அறிவும் மலையேற வேண்டும்.

நாம் கோருவது பெருஞ்செலவுடையதன்று. வேறு காரணங்களுக்காக வைத்தியசாலைகளில் எடுக்கப்படும் கழுத்துப் படங்களிலேயே இவ்வளவுகள் அடங்கியுள்ளன. புதிதாக எவருடலிலும் கதிர் பாய்ச்ச வேண்டியதில்லை. உரியவரின் இசைவோடு, பெயரை நீக்கி, பால், வயது, உயரம், தொழில் என வகுத்து அவற்றைத் தொகுக்கலாம். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவபீடம் மலையகத்தின் வாசலிலேயே நிற்கின்றது. இப்பணிக்கு அதனினும் உரிய இடம் யாது? இத்தொகுப்பு கிடைத்த பின்னரும் ஒவ்வொரு நோயாளியின் கழுத்தும் தனியே அளக்கப்பட்ட பின்னரே திருகாணி செலுத்தப்பட வேண்டும்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு இம்மக்கள் பறித்த இலை நிறுக்கப்பட்டே வந்துள்ளது. கொழுந்தை நிறுப்பதில் காட்டும் கண்டிப்பை, அதைச் சுமக்கும் கழுத்தை அளப்பதிலும் காட்டுக எனக் கேட்பது சலுகை அன்று; உரிமையே.